இயல்பு என்றால் இத்தனை காவல் எதற்கு?

ஒவ்வொரு சாதிக் கொலைக்குப் பிறகும் நம் காதில் தவறாமல் விழும் ஒரு பேச்சு உண்டு. “மனுசன் புத்தியே அப்படித்தாங்க. இதெல்லாம் எந்தக் காலத்துலயும் மாறாது.” தேநீர்க் கடையில் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சொல்வார்கள். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சொல்வார்கள். சொல்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அவர் கொலையைக் கண்டிப்பவர்தான், அந்தச் செய்தியைப் படித்து உள்ளபடியே வருந்தியவர்தான். ஆனால் இந்த ஒரு வாக்கியத்தோடு அவருடைய வருத்தம் முடிந்துவிடுகிறது. புயலைப் போல, வறட்சியைப் போலச் சாதியும் ஒன்று, அதில் நாம் செய்ய ஏதுமில்லை என்று அவருக்கு ஓர் ஆறுதல் கிடைத்துவிடுகிறது.

அந்த ஆறுதல் பொய்யானது என்பதைச் சொல்லவே இக்கட்டுரை. மனித இயல்பு பற்றி நாம் என்ன நம்புகிறோம் என்பது தத்துவ வகுப்புக்கு மட்டும் உரிய கேள்வியல்ல. எப்படி வாழ்வது என்று நாம் எடுக்கும் முடிவுகளெல்லாம் அதிலிருந்துதான் பிறக்கின்றன.

முதலில் எளிமையாகவே கேட்போம். இயல்பு என்று எதைச் சொல்கிறோம்? பசி இயல்பு. தூக்கம் இயல்பு. பிறந்த குழந்தை தாயின் மார்பைத் தேடுவது இயல்பு. யாரும் கற்றுத்தராமல், யாரும் மிரட்டாமல் வருவது எதுவோ அதுவே இயல்பு. தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடுவதற்கு ஊர்க்கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டியதில்லை.

சாதி அப்படியா இருக்கிறது? ஊருக்கும் சேரிக்கும் நடுவே சுவர் எழுப்ப வேண்டியிருக்கிறது. தேநீர்க் கடையில் இரண்டு வகைக் குவளை வைக்க வேண்டியிருக்கிறது. செத்த பிறகும் கலந்துவிடக் கூடாது என்று இரண்டு சுடுகாடு தேவைப்படுகிறது. மீறினால் தண்டம், ஊர்விலக்கம், அரிவாள். இவ்வளவு காவல் போட்டும் அந்தக் காவலை ஒரு தலைமுறைகூடத் தளர்த்த முடியவில்லை. தளர்த்தினால் பிள்ளைகள் கலந்துவிடுவார்கள். இயல்பாக இருப்பதற்குக் காவல் எதற்கு?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதி மாணவனை, உடன் பயின்ற மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த அவன் தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு தமிழ்நாடு அரசு ஓய்வு பெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அக்குழு தந்த அறிக்கையில், மாணவர்கள் கையில் வண்ணக் கயிறு கட்டக் கூடாது, சாதியைக் காட்டும் அடையாளம் எதையும் அணிந்து வரக் கூடாது என்று பரிந்துரைத்தது. அந்தக் கயிறை நினைத்துப் பாருங்கள். ஒரே சீருடை, ஒரே வெயிலில் கறுத்த முகங்கள், ஒரே வட்டார வழக்கு. பார்த்தால் தெரிவதில்லை. அதனால்தான் கயிறு கட்ட வேண்டியிருக்கிறது. இயற்கை வைக்காத வேறுபாட்டைக் கடையில் ஐந்து ரூபாய்க்கு வாங்கி மணிக்கட்டில் கட்டுகிறார்கள்.

இதை நூறாண்டுக்கு முன்பே ஒருவர் துல்லியமாகக் காட்டியிருக்கிறார். 1916 மே மாதம், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த மானிடவியல் கருத்தரங்கில், 25 வயது மாணவரான அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சாதியின் உயிர்நிலை அகமணம், அதாவது தன் கூட்டத்துக்குள் மட்டுமே மணம் முடிப்பது என்பதுதான் அதன் மையம். ஒரு கூட்டம் தன்னை இப்படிப் பூட்டிக்கொண்டால் உடனே ஒரு சிக்கல் வருகிறது. கணவனோ மனைவியோ இறக்கும்போது, துணையை இழந்தவர் உபரியாகிறார். அவர் வெளியே துணை தேடிக்கொண்டால் பூட்டு உடைந்துவிடும். உபரியான பெண்ணை என்ன செய்வது? கணவனின் சிதையில் ஏற்று, அல்லது காலம் முழுக்கக் கைம்பெண்ணாக வைத்திரு. உபரியான ஆணை என்ன செய்வது? துறவு பூணச் செய், அல்லது இன்னும் பருவம் எய்தாத சிறுமியை அவனுக்குக் கட்டிவை. உடன்கட்டையும் கைம்மைக் கொடுமையும் குழந்தை மணமும் தனித்தனி மூடப்பழக்கங்கள் அல்ல, அந்தப் பூட்டைக் காக்கப் பிறந்த ஏற்பாடுகள் என்று அவர் நிறுவினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெண்ணை எரித்தும் மொட்டையடித்தும் காக்க வேண்டியிருந்த ஓர் அமைப்பு எதை எதிர்த்துக் காவல் நின்றது? மனிதருக்கு மனிதர் மேல் இயல்பாக எழும் ஈர்ப்பை எதிர்த்துத்தான். அப்படியென்றால் மனித இயல்பிலிருந்து சாதி முளைத்ததாகச் சொல்வது தலைகீழான பேச்சு. மனித இயல்பின் மேல் போட்ட பூட்டுதான் சாதி.

அம்பேத்கர் அந்தக் கட்டுரையை வாசித்து ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஆன நேரத்தில், 2016 மார்ச் 13 அன்று, உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில், நட்ட நடுச்சாலையில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவருடைய இணையர் கவுசல்யா வெட்டுக்காயங்களோடு உயிர் பிழைத்தார். அவர்கள் செய்தது என்ன? ஒன்றாகப் படித்தார்கள், விரும்பினார்கள், சேர்ந்து வாழ்ந்தார்கள். உலகம் முழுக்க இளையவர்கள் இயல்பாகச் செய்வது. அதை நிறுத்த ஆள் பிடித்து, கூலி பேசி, அரிவாள் வாங்கி, வண்டி ஏற வேண்டியிருந்தது. இவற்றில் எது இயல்பு, எது திட்டமிட்ட வேலை என்பதை வாசகர்களே முடிவு செய்யட்டும்.

இங்கே ஒரு நேர்மையான எதிர்வாதம் இருக்கிறது. “மனிதர்கள் எங்கே போனாலும் கூட்டம் சேர்கிறார்கள், நம்மாள் – வேற்றாள் என்று பிரிக்கிறார்கள். சாதி இல்லாத நாடுகளிலும் நிறவெறி இருக்கிறதே?” உண்மைதான். இதை மறுக்கத் தேவையில்லை. மனிதரிடம் கூட்டம் சேரும் போக்கு உண்டு. ஆனால் எந்தக் கோட்டில் பிரிவது, பிரிந்த பின் என்ன செய்வது என்பதை அந்தப் போக்கு முடிவு செய்வதில்லை.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ரைஸ்வில் என்ற சிற்றூர். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட மறுநாள், மூன்றாம் வகுப்பு ஆசிரியை ஜேன் எலியட் தன் மாணவர்களைக் கண்ணின் நிறத்தை வைத்து இரண்டாகப் பிரித்தார். எல்லோரும் வெள்ளைக்காரப் பிள்ளைகள்தான். ஒரு நிறக் கண்ணினர் உயர்ந்தவர்கள், மற்றவர்கள் தாழ்ந்தவர்கள் என்று அறிவித்து, உயர்ந்தவர்களுக்குச் சலுகைகள் தந்தார். அன்றைக்குள்ளேயே உயர்த்தப்பட்ட பிள்ளைகளில் சிலர் தங்கள் நண்பர்களை ஏளனம் செய்யத் தொடங்கினார்கள். தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் கூனிக்குறுகினார்கள், தெரிந்த பாடத்திலேயே தடுமாறினார்கள். பிறகு ஆசிரியை பட்டங்களை மாற்றிப் போட்டார். காட்சியும் மாறிப்போனது.

இந்தப் பாடத்தில் எனக்கு இரண்டு செய்திகள் தெரிகின்றன. ஒன்று, மனிதரை இழிவு செய்ய மனிதருக்குக் கற்றுக்கொடுப்பது மிகச் சுலபம், ஒரு நாள் போதும். மற்றொன்று, கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியை வேண்டியிருந்தது. அவர் சொல்லும்வரை அந்தப் பிள்ளைகள் எதிரிலிருப்பவரின் கண் நிறத்தை ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை. நம் நாட்டில் அந்த வகுப்பு ஒரு நாளோடு முடியவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நடக்கிறது. பட்டங்களை யாரும் மாற்றிப் போடுவதில்லை. கூடவே நிலமும் கோயிலும் சாத்திரமும் ஒரு பக்கத்துக்கே எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன.

அதே 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25 இரவு, கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரே குடிசைக்குள் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும். கீழமை நீதிமன்றம் மிராசுதார்களுக்கு 10 ஆண்டு சிறை விதித்தது. 1973இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர்களை விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பு சொன்ன காரணங்களில் ஒன்று, இவ்வளவு நிலமுள்ள கண்ணியவான்கள் ஆட்களை அனுப்பாமல் தாங்களே நடந்து போய் வீடுகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது. அவர்களில் ஒருவரிடம் கார்கூட இருந்ததாம். மனித இயல்பு பற்றிய ஒரு நம்பிக்கை எப்படித் தீர்ப்பாக மாறுகிறது பாருங்கள். பணக்காரர் இயல்பிலேயே கண்ணியவான், கூலி கேட்பவர் இயல்பிலேயே கலகக்காரர். ‘இயல்பு’ என்ற சொல்லை யார் யாருக்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்கப் பழகிவிட்டால் பல வேடங்கள் கலைந்துவிடும்.

என் தாத்தா ஒரு பண்ணையில் வேலை செய்தவர். கொட்டாங்குச்சியில் தேநீர் குடித்த தலைமுறை. தன் பண்ணையாரைப் பற்றி அவர் சொன்ன ஒன்று எனக்கு மறக்கவில்லை. பண்ணையாரின் உழவு மாடு ஒன்று நோய் கண்டு செத்தபோது, அந்த மனிதர் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். மாட்டைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசிப் புதைத்தாராம். அதே ஆண்டில் என் தாத்தாவின் மூத்த மகன் காய்ச்சலில் இறந்தான். மறுநாள் காலை பண்ணையிலிருந்து ஆள் வந்தது, ‘எப்ப வேலைக்கு வர்றே’ என்று கேட்க. தாத்தா இதை வெறுப்போடு சொன்னதில்லை. ஒரு புதிரைப் போலச் சொல்வார். “மாட்டுக்கு அழுத மனுசன்டா அவரு. ஈரமில்லாதவர்னு எப்படிச் சொல்றது?”

அந்தப் புதிருக்கு விடை தேடித்தான் நான் இவ்வளவும் படித்தேன் என்று நினைக்கிறேன். பண்ணையாரிடம் ஈரம் இருந்தது. அது எங்கே பாய வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று வரப்பு போட்டிருந்தது சாதி. தன் மாட்டுக்குப் பாய்ந்த இரக்கம் சேரியின் எல்லையில் வற்றிப்போனது. சாதியின் மிகப் பெரிய குற்றமாக நான் கருதுவது இதைத்தான். கொடியவர்களை அது உருவாக்குகிறது என்பது சிறிய குற்றம். நல்லவர்களின் நல்ல குணத்துக்கு மடைபோட்டு, பக்கத்துத் தெருவுக்கு ஒரு சொட்டும் போகாமல் பார்த்துக்கொள்கிறது என்பதே பெரிய குற்றம். எரிந்த குடிசைகளைவிட, அவற்றைப் பார்த்தும் தூக்கம் கெடாத ஊர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம்.

இங்கிருந்துதான் பொருளுள்ள வாழ்க்கை எது என்ற கேள்விக்கு வர முடியும்.

இந்தக் கேள்விக்கு இன்று சந்தையில் விடைகள் மலிந்து கிடக்கின்றன. மூச்சுப் பயிற்சி, மூன்று நாள் முகாம், அதிகாலை எழும் பழக்கம், ‘உன்னை நீ அறி’ என்று சொல்லும் சாமியார்கள். மன அமைதி வேண்டியதுதான், அதை நான் கேலி செய்யவில்லை. ஆனால் இந்த விடைகளிலெல்லாம் அடுத்த வீட்டுக்காரர் இல்லை. அவர் யார், அவருக்கு நம் தெருவில் வீடு கிடைக்குமா, அவர் பிள்ளை நம் வீட்டுக்கு விளையாட வருமா என்ற கேள்விகள் அந்த முகாம்களில் எழுவதே இல்லை. தன்னை மட்டும் தூய்மையாக வைத்துக்கொள்ளும் கலையில் பார்ப்பனியம் ஏற்கெனவே கரை கண்டதுதான்.

இன்னொரு பழைய விடையும் இருக்கிறது. உன் வாழ்க்கையின் பொருள் நீ பிறக்கும்போதே எழுதப்பட்டுவிட்டது, விதித்த கடமையைச் செய் என்பது. நரேந்திர மோடி குஜராத் முதலமைச்சராக இருந்தபோது அவருடைய பேச்சுகளைத் தொகுத்து 2007இல் ‘கர்மயோக்’ என்ற நூல் வந்தது. மலம் அள்ளும் வால்மீகி சமூகத்தினர் அந்த வேலையை வெறும் பிழைப்புக்காகத் தலைமுறை தலைமுறையாகச் செய்திருக்க முடியாது, அது அவர்களுக்கு ஓர் ஆன்மிக அனுபவம் என்ற கருத்து அதில் இருந்தது. கடும் எதிர்ப்பு கிளம்பியது. அடுத்தவர் தலையில் மலக்கூடையை ஏற்றிவிட்டு, அதற்குத் தெய்வீக அர்த்தமும் கற்பிப்பது எவ்வளவு வசதியானது! கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்ய 1993இல் ஒரு சட்டமும் 2013இல் இன்னொரு சட்டமும் வந்தன. சாக்கடைக் குழிக்குள் இறங்கியவர்கள் இன்னும் பிணமாகத்தான் மேலே வருகிறார்கள். ஆன்மிக அனுபவம் தேடி அங்கே இறங்க வேறு எந்தச் சமூகமும் வரிசையில் நிற்கவில்லை.

ஆகவே, ஒருவரின் வாழ்க்கைக்கு இன்னொருவர் பொருள் எழுதித்தர முடியாது. எழுதித்தந்தால் அதற்குப் பெயர் அடிமைத்தனம். அதே நேரத்தில், தனக்குள் மட்டும் தோண்டிப் பார்த்தும் பொருள் கிடைக்காது. அது இரண்டு மனிதருக்கு நடுவே கிடைப்பது. அம்பேத்கர் சுதந்திரம், சமத்துவம் என்ற இரண்டோடு நிற்காமல் சகோதரத்துவத்தைத் திரும்பத் திரும்பச் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் இதுதான் என்று நான் புரிந்துகொள்கிறேன். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய அவையில் ஆற்றிய உரையிலும், சகோதரத்துவம் இல்லாமல் மற்ற இரண்டும் இயல்பாக நிலைக்காது என்றே எச்சரித்தார்.

அப்படி வாழ்ந்தவர்கள் நம்மிடையே இருந்திருக்கிறார்கள். 1848இல் புனேயில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது சாவித்திரிபாய் பூலேவுக்கு வயது 17. பள்ளிக்குப் போகும் வழியில் அவர் மீது சாணியும் சேறும் வீசினார்கள். 1868இல் ஜோதிராவ் பூலே தன் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தீண்டப்படாதவர்களுக்குத் திறந்துவிட்டார். கணவர் இறந்த பிறகும் சாவித்திரிபாய் ஓயவில்லை. பிளேக் நோயாளிகளுக்குப் பணிவிடை செய்து, அந்த நோய் தொற்றியே 1897 மார்ச் 10 அன்று இறந்தார். தந்தை பெரியார் 94 வயதில், சிறுநீர்க் குழாயும் வலியுமாக, 1973 டிசம்பர் 19 அன்று சென்னை தியாகராய நகரில் கடைசியாகப் பேசினார். ஐந்து நாளில் இறந்துபோனார். சொர்க்கமும் மறுபிறவியும் இல்லை என்று உறுதியாகச் சொன்ன மனிதர், தனக்கு ஒரு பலனும் இல்லாத மேடையில் அந்த வலியோடு ஏறியது எதற்காக? வாழ்க்கைக்குப் பொருள் வேண்டுமானால் கடவுள் வேண்டும் என்பவர்கள் அந்தக் கடைசி மேடையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

‘மாறவே மாறாது’ என்பவர்களுக்கு நம் மண்ணிலேயே பதில் உண்டு. மதுரை மாவட்டத்தில் பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996இல் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் அங்கே தேர்தலை நடத்த விடவில்லை. ஒப்புக்கு ஒருவரை நிறுத்துவார்கள், வென்றவுடன் பதவி விலகச் செய்வார்கள். அந்த ஊர் மக்களின் குணமே அப்படி, இது நடக்காது என்றுதான் அப்போதும் சொன்னார்கள். இயக்கங்கள் ஓயாமல் போராடின. 2006இல் அரசும் மனம் வைத்தது. தேர்தல் நடந்தது, பட்டியல் சாதியினர் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார்கள். வானம் இடிந்து விழவில்லை. அதோடு அந்த ஊர்களில் சாதி ஒழிந்துவிட்டதாக நான் சொல்லவரவில்லை. மாறாது என்று சத்தியம் செய்யப்பட்ட ஒன்று மாறியது என்று மட்டும் சொல்கிறேன்.

சரி, நம்மைப் போன்ற சாதாரணமானவர்கள் என்ன செய்வது? எல்லோராலும் சாவித்திரிபாயாக முடியாது. ஆனால் காவல் எங்கெல்லாம் நிற்கிறதோ அங்கெல்லாம் நாமும் இருக்கிறோம். பிள்ளை பள்ளியிலிருந்து வந்து “நாம என்ன ஆளுங்க?” என்று கேட்கும் நாளில் வீட்டில் நாம் இருக்கிறோம். வரன் பேசும் கூடத்தில் ‘நம்ம ஆளுங்களா பாத்து’ என்று ஒருவர் சொல்லும்போது எதிர் நாற்காலியில் நாம் இருக்கிறோம். வாடகைக்கு வந்தவரிடம் வீட்டுக்காரர் சுற்றிவளைத்து ஊரையும் தெருவையும் விசாரிக்கும்போது வாசலில் நாம் இருக்கிறோம். உறவினர்களின் வாட்சாப் குழுவில் ஆண்ட பரம்பரைப் பாட்டு சுற்றும்போது அந்தக் குழுவில் நாம் இருக்கிறோம். அங்கே வாயைத் திறப்பதா மூடிக்கொள்வதா என்பதில்தான் நம்மில் பலருடைய வாழ்க்கையின் பொருள் தீர்மானமாகிறது. சேரியிலிருந்து படித்து மேலே வந்த நமக்கும் இது பொருந்தும். நமக்குக் கீழே ஒருவரைத் தேடும் படிநிலை நம் தெருவுக்குள்ளும் நுழைந்திருக்கிறது. அருந்ததியர் வீட்டில் சாப்பிடக் கூசும் ஒருவர் ஆதிக்கச் சாதியை மட்டும் திட்டிப் பயனில்லை.

எல்லாவற்றிலும் கடினமானது சாட்சி சொல்வது. வன்கொடுமை வழக்குகள் பல, நேரில் பார்த்தவர்கள் பிறழ் சாட்சிகளாக மாறுவதால் சரிகின்றன. மிரட்டல், கடன், சொந்தபந்தம் என்று ஆயிரம் காரணம். அதனால்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம், பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்பையும் உரிமைகளையும் தனி அத்தியாயமாகவே சேர்த்தது. ஆதிக்கச் சாதியில் பிறந்த ஒருவர் கூண்டில் ஏறி, “ஆமாம், நான் பார்த்தேன்” என்று சொல்லும் அந்த நொடியில், தன் ஊரில் எந்தச் சாத்திரமும் தராத மனித மதிப்பை அவர் அடைகிறார். அதற்கு அவர் கொடுக்கும் விலை பெரியது. திருவிழாவில் அவர் வீட்டு வரி வாங்கமாட்டார்கள், சாவுக்கு ஆள் வரமாட்டார்கள். அப்படிப்பட்டவர் பக்கத்தில் போய் நிற்பதும், அவர் தனியாகிவிடாமல் பார்த்துக்கொள்வதும் இயக்கங்களின் வேலை.

அடுத்த முறை யாராவது “மனுசன் புத்தியே அப்படித்தான்” என்று சொன்னால் கோபப்படாமல் அவரிடம் ஒன்று கேளுங்கள். “உங்க பிள்ளைக்குச் சாதி தானா தெரிஞ்சதா, நீங்க சொல்லிக் குடுத்தீங்களா?” கொஞ்ச நேரம் அவர் யோசிக்கட்டும். சொல்லிக்கொடுத்த ஒன்றைச் சொல்லிக்கொடுக்காமலும் இருக்க முடியும் என்பது அவருக்கே தெரியும்.